துரைக்கும் சேர்த்து ஒரு விரதம்

"முழிச்சுப் பாருய்யா. நான்தான்யா. ஒரு தடவ முழிச்சுப் பாரு."

காலை வெயில் இன்னும் பின்கட்டுக்குள் வரவில்லை. துணி துவைக்கிற இடத்தில் என் அக்கா பாப்பாத்தி வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள். எழுபதைத் தொடப்போகிறவள். முட்டிவலி வந்ததிலிருந்து முக்காலி இல்லாமல் எங்கேயும் உட்காராதவள். மடியில் ஒரு பழைய துண்டு. துண்டுக்குள் எங்கள் வீட்டு ஆமை, துரை.

துரையின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கிடந்தன. இமைகள் வெளிறி, உள்ளே தண்ணீர் கோத்துக்கொண்டதுபோல உப்பியிருந்தன. மூக்குத் துளையில் சின்னக் குமிழி ஒன்று வருவதும் உடைவதுமாக இருந்தது. நான் பப்பாளித் துண்டை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் என் விரலோடு சேர்த்துப் பிடுங்கியிருப்பான். அன்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"எத்தன நாளாக்கா இப்படி?" என்று கேட்டேன்.

"எனக்கென்னடா தெரியும். தூங்குறான்னு நெனச்சேன்லா" என்றாள் அக்கா. குரல் அவளுடையதாகவே இல்லை.

போன வாரம் என் நெஞ்சைப் பிளந்து தைத்த கதையை எழுதினேன் அல்லவா, அதிலிருந்து பத்திரிகைக்குத் தொலைபேசி மேல் தொலைபேசியாம். மணியம் அண்ணன் எப்படி இருக்கிறார், மணியம் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. ஐயா, அம்மா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். செத்துப்போனவன் வாராவாரம் கட்டுரை அனுப்பமாட்டான். இந்த வாரமும் யாரும் பதறவேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன்: துரை பிழைத்துக்கொண்டான். இதை நான் எழுதுகிற நேரத்தில், பின்கட்டில் அவனுக்குப் போட்ட மண்ணை வீடு கட்டுகிறவன் மாதிரி தோண்டித் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் பிழைத்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

பெயர் வந்த வழி

துரை பெரிய ஆமை இல்லை. இரண்டு கையையும் சேர்த்து வைத்தால் அதில் அடங்குவான். முதுகு கறுப்பாக, உயரமாக, கவிழ்த்த சட்டிபோல இருக்கும். கறுப்புத் தலையில் மஞ்சள் கோடுகள் நீளவாக்கில் ஓடும். அதை அக்கா நாமம் என்பாள். மஞ்சளில் யாருக்கா நாமம் போடுவார்கள் என்று நான் வம்புக்கு இழுப்பதும், நீ ரொம்பக் கண்டாய் என்று அவள் சொல்வதும் எங்கள் வீட்டில் பல வருடமாக நடக்கிற சண்டை.

மலாய்க்காரர்கள் இந்த ஜாதியை கூரா-கூரா காத்துப் என்கிறார்கள். காத்துப் என்றால் மூடிக்கொள்வது. சரியான பெயர்தான். மற்ற ஆமைகள் தலையையும் காலையும் உள்ளே இழுக்கும், அவ்வளவுதான். இதற்கு வயிற்று ஓட்டில் கீல் இருக்கிறது. கோபம் வந்தாலோ பயந்தாலோ முன்னும் பின்னும் கதவைச் சாத்திக்கொள்ளும். பிறகு நீங்கள் தவம் கிடந்தாலும் திறக்காது.

நாங்கள் குடியிருந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்ப்பனை போட ஆரம்பித்த சமயம் அது. அக்கா அப்போது களை வெட்டிக்கொண்டிருந்தாள். ரப்பர் பால் ஸ்டோருக்குப் பின்னால் ஓடிய கால்வாயோரம், மண் தள்ளும் இயந்திரம் வருகிற வழியில், முதுகில் காய்ந்த ரப்பர் பால் ஒட்டிக்கொண்டு இவன் நின்றிருக்கிறான். இயந்திரக்காரர் ஆரன் அடித்திருக்கிறார். இவன் நகரவில்லை. அக்கா கத்தியிருக்கிறாள். அதற்கும் நகரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நடு வழியில் உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிக்கிறாரான்னு பாரு, பெரிய துரையாட்டம்" என்று திட்டிக்கொண்டே பால் வாளியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்கு வந்தாள். எங்களுக்குத் துரை என்றால் தோட்ட மானேஜர். அவர் கார் வந்தால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்போம். அந்தப் பெயரை ஓர் ஆமைக்கு வைத்துக் கூப்பிட்டதில் அக்காவுக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டாள்.

தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு, அங்கே புந்தோங் பக்கம் வந்தபோது லாரியில் ஏறிய முதல் சாமான் துரைதான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றது அவள்தான், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. என் மனைவி போன பிறகு நான் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். ஆக வீட்டில் மூன்று பேர். அக்கா, நான், துரை. மரியாதையில் எனக்கு மூன்றாவது இடம்.

தெலுக் இந்தான் பஸ்ஸில் ஒரு சாக்கு

ஆமை என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. நான் ஈப்போவிலிருந்து தெலுக் இந்தானுக்கு பஸ் ஓட்டிய காலம். ஒரு சீன அங்கிள் சாக்கு மூட்டையோடு ஏறினார். என்ன என்று கேட்டதற்குச் சேம்பங்கிழங்கு என்றார். பாதி வழியில் பின் சீட்டில் ஒரே கூச்சல். கண்ணாடியில் பார்க்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் சீட்டின் மேல் ஏறி நிற்கிறார்கள்.

சேம்பங்கிழங்கு நடந்து வந்துகொண்டிருந்தது. லாபி-லாபி. ஓடு தோல்மாதிரி இருக்குமே, மூக்கு குழாய்போல நீண்டிருக்குமே, அந்த ஆமை. கடித்தால் சதையை எடுக்காமல் விடாது. நான் பஸ்ஸை ஓரங்கட்டினேன். அங்கிள் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டுப் பிடிக்க, ஒரு மலாய்ப் பாட்டி குடையால் வழிகாட்ட, ஒருவழியாகச் சாக்குக்குள் போயிற்று.

அன்று அக்கா வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "அத சூப்புக்குத்தான கொண்டு போனான்?" என்று கேட்டாள். அப்புறம் போய்த் துரைக்கு இரண்டு நெத்திலி கூடுதலாகப் போட்டாள்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு வேண்டுதல்

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது அக்கா நடையில் தனியாக நின்றாள். அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டே முருகனிடம் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறாள். தம்பி பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். அதுவரைக்கும் என் வீட்டு வாசற்படிக்குள் கவுச்சி ஏறாது. என் வீட்டில் ஒருத்தர் வாயிலும் மீன், கறி, முட்டை படாது.

அது புரட்டாசி. எப்படியும் எங்கள் பக்கத்தில் பாதி வீடு சைவமாக இருக்கிற மாதம். ஆனால் புரட்டாசி முடிந்து ஊரே கோழிக்கடைக்கு ஓடியபோதும் எங்கள் வீட்டில் தோசையும் சாம்பாரும்தான். தீபாவளிக்கும் சாம்பார். தைப்பூசம் வரைக்கும் சாம்பார் என்று தெரிந்தபோது, இதற்குப் பிழைக்காமலேயே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அக்காவிடம் சொன்னேன். கரண்டியைக் காட்டினாள்.

அந்த வேண்டுதலில் துரையும் அடக்கம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவனுக்கு வழக்கமாக என்ன கிடைக்கும்? பாசாரில் வாங்கும் மீனின் வால், தலை, மழைக்குப் பிறகு கிடைக்கும் மண்புழு, நத்தை, கூடவே கங்குங் கீரை, பப்பாளி. வேண்டுதலுக்குப் பிறகு? மீன் வாங்கச் சந்தைக்குப் போவதே நின்றதால் கீரையும் நின்றுபோயிற்று. சோறு, வெள்ளரிக்காய், தேங்காய்ச் சில்லு, காலையில் பாலில் நனைத்த ரொட்டி. வெள்ளிக்கிழமையானால் முதுகுக்குத் தேங்காய் எண்ணெய், மஞ்சள், நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

"அவன் எதுக்குக்கா சைவம் இருக்கணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன், அவனும் இந்த வீட்டு ஆளுதான? பெருமாளே ஆமையா வந்தவரு. இவனுக்கு ஒரு நாலு மாசம் இருக்க முடியாதா?"

நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் அன்று பட்டது.

உப்பு, மிளகாய், நந்தியாவட்டை

கண் வீங்கிய அன்று அக்கா முதலில் செய்தது திருஷ்டி கழித்தது. பக்கத்து வீட்டுக்காரி துரையைப் பார்த்து எவ்வளவு வயசாகியும் இப்படியே இருக்கிறதே என்று சொன்னாளாம். உப்பையும் காய்ந்த மிளகாயையும் கையில் வைத்து ஆமையைச் சுற்றினாள். துண்டில் கிடந்தவன் பாவம், தும்மினான். அடுத்து நந்தியாவட்டைப் பூ. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பூவைத் தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரால் துடைத்துவிட்டாள்.

மறுநாளும் கண் திறக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. கழுத்தை நீட்டும்போது தோல் தொளதொளவென்று தொங்கியது. கையில் தூக்கினால் கனம் குறைந்து இருந்தான். அக்காவும் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டை வைத்துக்கொண்டு துரை பக்கமே பார்த்திருந்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றேன்.

"ஆமைக்கு எவன்டா டாக்டரு?"

"இருக்காங்க. பூனை நாய் பாக்குற கிளினிக்ல கேட்டுட்டேன். வா போலாம்."

அக்கா உடனே எழுந்து சேலை மாற்றிக்கொண்டாள். அதிலிருந்தே அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சுத்த சைவம், டாக்டர்"

டாக்டரம்மா சீனப் பெண். சின்ன வயதுதான். துரையை மேசையில் வைத்து, டார்ச் அடித்து, திருப்பி, ஓட்டைத் தட்டிப் பார்த்தார். மலாயில்தான் பேசினார், நான் நம் பாஷையில் தருகிறேன்.

"என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள், ஆண்ட்டி?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய தோட்டத்து மலாயில் பெருமையாகச் சொன்னாள். "சைவம் டாக்டர். சுத்த சைவம். நாங்க முழு வீடும் அப்படித்தான்."

டாக்டரம்மா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சோறு, வெள்ளரிக்காய், ரொட்டி என்று அக்கா சொல்லச் சொல்ல மெதுவாகத் தலையை ஆட்டினார்.

இது சைவப் பிராணி இல்லை என்றார். இலை தழையும் தின்னும், புழு பூச்சி மீனும் தின்னும், இரண்டும் வேண்டும். நீங்கள் கொடுத்ததில் கீரையும் இல்லை, மீனும் இல்லை. வெள்ளரிக்காய் என்பது தண்ணீர். சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். உடம்பில் வைட்டமின் ஏ வற்றிப்போய்விட்டது. அது வற்றினால் ஆமைக்கு முதலில் கண் வீங்கும். கண் தெரியாவிட்டால் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் இன்னும் வற்றும்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. நான் அவள் தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டாள்.

டாக்டரம்மா ஓர் ஊசி போட்டார். கண்ணுக்கு மருந்து கொடுத்தார். அடிக்கடி ஊசி போட முடியாது, இந்த வைட்டமின் கூடினாலும் ஆபத்து, இனிமேல் சாப்பாட்டில்தான் ஏறவேண்டும் என்றார். கோழி ஈரல் கொஞ்சம், பச்சை மீன், மண்புழு. கண் மூடியிருப்பதால் வாசனை பிடித்துத்தான் வாயைத் திறக்கும், அதனால் அதற்கு ரொம்பப் பிடித்த வாசனையாக இருக்கவேண்டும். இந்த வாரத்துக்குள் வாய் திறக்காவிட்டால் சிரமம்.

"பூசணிக்காய், கேரட்டு குடுத்தா ஆகாதா?" என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"நல்லதுதான். குணமான பிறகு தாராளமாகக் கொடுங்கள். முதலில் அது சாப்பிடவேண்டும் ஆண்ட்டி."

கிளம்பும்போது, இந்த ஆமையை வீட்டில் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் தெரியுமா என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. அக்கா துண்டோடு அவனை இறுக்கிக்கொண்டாள். பிறகு வனவிலங்கு இலாகாவுக்குப் போய் விசாரித்து வேண்டியதைச் செய்தோம். கைது செய்துவிடுவார்கள் என்று அக்கா மாற்றுச் சேலையோடு வந்தாள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை.

அம்மா வைத்த வேண்டுதல்

வீட்டுக்கு வந்து பூசணிக்காயை வேகவைத்து மசித்து நீட்டினாள். கேரட்டைத் துருவி நீட்டினாள். துரை கதவைச் சாத்திக்கொண்டான். அடுத்த நாளும் அப்படியே.

"நான் போயி ஈரல் வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

"இந்த வாசப்படி தாண்டி அது வந்துச்சுன்னா நான் உசுரோட இருக்கமாட்டேன்."

"துரை செத்துருவான்க்கா."

"நீ செத்துட்டா?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் மூடநம்பிக்கை என்று கத்தியிருப்பேன். அக்காவிடம் அப்படிக் கத்த முடியாது. காரணம் இருக்கிறது.

எங்கள் அப்பா விஷக்காய்ச்சலில் கிடந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அக்காவுக்குத் தெரிந்த வயது. அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கவுச்சியை விட்டிருந்தாள். லயத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் யாரோ கவனிக்காமல் கறிக்குழம்பை ஊற்ற, அம்மா ஒரு வாய் தின்றுவிட்டாள். உடனே துப்பினாள், வாயைக் கழுவினாள். அந்த வாரமே அப்பா போய்விட்டார். அப்பாவைக் கொண்டுபோனது காய்ச்சல்தான், அந்தச் சமயத்தில் தோட்டத்தில் இன்னும் சிலபேர் அதே காய்ச்சலில் போனார்கள். இதை நான் அக்காவுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அம்மா துப்பியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். நான் சொல்வது எப்படி ஏறும்?

ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது, இனி பயமில்லை என்று டாக்டர் அவளிடம் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு முறை சோதனைக்குப் போனபோதும் அதையே சொன்னார்கள். அக்கா தலையாட்டுவாள். ஆனால் நான் இருமினால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். நான் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டுவாள். இப்போது அவளுக்கு முன்னால் இரண்டு உயிர். ஒன்றைக் காப்பாற்றக் கை நீட்டினால் மற்றது போய்விடும் என்று நம்பிக்கொண்டு நடுவில் நின்றாள்.

"அய்யருகிட்ட கேப்பமா?" என்றேன்.

"அவரு ஒண்ணு சொல்வாரு. வேண்டிக்கிட்டது நானுலா. அவரா?"

சாமியிடம் வக்கீல் பேச்சு

கடைசியில் எனக்கு ஒன்று தோன்றியது.

"அக்கா, நீ என்னன்னு வேண்டிக்கிட்ட? உன் வீட்டு வாசப்படிக்குள்ள கவுச்சி வராதுன்னு. துரை இந்த வீட்ட விட்டுக் கொஞ்ச நாள் வெளியில போயிட்டா? அங்க போயி அவன் என்ன தின்னா உனக்கென்ன?"

"சாமிகிட்டயே வக்கீலு பேச்சு பேசுறியா?"

"நான் எங்க பேசுறேன். நீ சொன்னதத்தான் சொல்றேன்."

திட்டினாள். என் படிப்பைத் திட்டினாள், பஸ் ஓட்டியதைத் திட்டினாள். திட்டி முடித்த பிறகு, "எங்க வைப்ப?" என்று கேட்டாள்.

எங்கள் தெரு முனையில் காதர் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். பஸ் ஓட்டிய நாளிலிருந்து பழக்கம். கடைக்குப் பின்னால் அவர் வீடு, வீட்டுக்குப் பின்னால் முற்றம். லூமுட் கடற்கரையிலிருந்து மீன் பெட்டி வந்து இறங்குவதும், கழுவுவதும் அந்த முற்றத்தில்தான்.

"அண்ணே, என் கடையில ஆமை இருக்குன்னு தெரிஞ்சா எவன்லா சாப்பிட வருவான்?" என்றார் காதர் பாய்.

"கடைக்குள்ள வேணாம் பாய். வீட்டு முத்தத்துல ஒரு மூலை."

"சரி, கொண்டாங்க. யாராச்சும் கேட்டா அது என் மச்சான்னு சொல்லிக்கிறேன்."

பிளாஸ்டிக் தொட்டியில் துரை காதர் பாய் வீட்டுக்குப் போனான். அக்கா எதிர்ச்சாரியில் இருக்கும் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. விரதம் முடியும்வரை கவுச்சி வீட்டில் கால் வைக்கமாட்டாள். சண்டைக்கு வந்தவள்போல இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஆமை வளர்ப்பவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை

இதைப் படிக்கிறவர்களில் சிலர் வீட்டில் ஆமை இருக்கும். டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், புண்ணியமாகப் போகட்டும்.

ஆமை என்றாலே ஆழமான தண்ணீர்த் தொட்டி என்று நினைக்காதீர்கள். இந்த ஜாதிக்குக் கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியே வருகிற அளவு தண்ணீர் போதும், ஏறி வர ஒரு சரிவு வேண்டும். ஏற வழியில்லாவிட்டால் ஆமையும் களைத்து மூழ்கும். பக்கத்தில் மண், காய்ந்த இலை, ஒதுங்க நிழல். காலை வெயில் கொஞ்சம் படவேண்டும், அது இல்லாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். கணவாய் ஓடு ஒரு துண்டு போட்டு வைத்தால் அதுவே கடித்துக்கொள்ளும். சாப்பாடு மாற்றி மாற்றிக் கொடுக்கவேண்டும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும்.

முதுகுக்கு எண்ணெய் வேண்டாம். பால் வேண்டாம். அக்கா எண்ணெயை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைப் பொட்டை மட்டும் விட மறுக்கிறாள். வைத்து, கும்பிட்டு, உடனே துடைத்துவிடுகிறாள். இதற்கு டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காதர் பாய் வீட்டு முற்றம்

விட்ட இடத்துக்கு வருகிறேன். முதல் நாள் காதர் பாய் மீன் துண்டு வைத்தார். துரை கதவைச் சாத்தினான். இறால் வைத்தார். சாத்தினான். நான் போய் மண்புழு வைத்தேன். எனக்கும் அதே மரியாதைதான். இரண்டாம் நாள் ஈரலைப் பொடியாக நறுக்கி மூக்குப் பக்கம் கொண்டுபோனோம். புது இடம், புதுக் குரல், புதுக் கை. கண்ணும் தெரியாது. அவன் யாரை நம்புவான்? ஓட்டை ஒட்டிக் காது வைத்தால்கூட மூச்சு கேட்கவில்லை.

காதர் பாய் எழுந்து வாசலுக்குப் போனார். எதிரே பஸ் நிறுத்தத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அன்றும் வந்திருந்தாள்.

"அக்கா" என்று இங்கிருந்தே கூப்பிட்டார். "நாங்க குடுத்தா திங்கமாட்டேங்குறான். ஒங்க கையிலதான் திம்பான்போல. நான் கட்டாயப்படுத்தல. சொல்லணும்ல, அதான் சொல்றேன்."

ஒரு பஸ் வந்து நின்றது. அவளை மறைத்தது. அதில் ஏறி எங்கேயாவது போய்விட்டாளோ என்றுகூட நினைத்தேன். பஸ் நகர்ந்தது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தாள்.

முற்றத்தில் மீன் கழுவிய ஈரம். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் நடந்து வந்து தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஈரல் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"டேய், இங்க வா. எம் பக்கத்துல உக்காரு."

"எதுக்குக்கா?"

"உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடி, உதடு அசையாமல் சொன்னாள். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. "முருகா, இது நான் செய்யறது. அவன் செய்யல. என்ன இருந்தாலும் என்னயக் கேளு."

ஈரல் துண்டை இரண்டு விரலால் எடுத்தாள். துரை சாத்தியிருந்த முன்கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"துரை. நான்தான்யா வந்துருக்கேன். தெறய்யா. முறுக்கிக்கிட்டது போதும்."

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். தோட்டத்தில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு திட்டிய அதே குரலில் கூப்பிட்டாள். கீல் மெல்ல இறங்கியது. மூக்கு மட்டும் வெளியே வந்தது. குமிழி ஒன்று உடைந்தது. கழுத்து வந்தது. கண் மூடியபடியே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி வாசனை பிடித்தான். பிறகு லபக்கென்று அவள் விரலோடு சேர்த்துக் கவ்வினான்.

"தின்னுட்டான்க்கா" என்றார் காதர் பாய், மெதுவாக.

அக்கா துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விட்டுப் பாரு."

விட்டேன்.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"படபடன்னு வருதா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

"பொய் சொல்லாத."

இடது கையை என் சட்டைக்குள் விட்டு, தையல் போட்ட தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். வலது கை அடுத்த துண்டை எடுத்தது. துரை தின்றான். அவள் கைக்கு அடியில் என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு துண்டு. அதையும் தின்றான். கிண்ணம் காலியாகும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை. துரையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அசையாமல் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஈரல் தீர்ந்தது. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆபரேஷன் அன்றுகூட அழாதவள், காதர் பாய் முன்னால் வாய்விட்டு அழுதாள்.

"நீ பொழைச்சுக்கிட்டன்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாருடா" என்றாள். "நான் இன்னைக்குத்தான் நம்புறேன்."